ஏலத்தோட்டத்தில் நான் பதிவு செய்த யானை

காது நன்றாகக் கேட்பவர்களுக்கு மூளையும் நன்றாக வேலை செய்யும் என்று நம்புகிறவர்கள் என்னை ஒருமுறை வந்து பார்க்கவும். இன்று நான் சினிமாக்களுக்கு மழை, காற்று, குருவி என்று சத்தம் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். முதன்முதலாக மைக்கைத் தூக்கிக்கொண்டு போன அன்றோ, ஒரு தோட்டத்தையே துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓட விட்டேன்.

கல்லூரி முடித்துவிட்டு போடியில் வெட்டியாக இருந்த நேரம். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கேட்டிருந்தேன். "ஏலமலைச் சத்தம் ஐந்து நிமிடம் அனுப்புங்கள், மனிதச் சத்தம் கூடாது" என்றார்கள். அத்தா ஏலக்காய் வியாபாரி. மகளைச் சென்னைக்கு அனுப்ப அவருக்குத் துளியும் இஷ்டமில்லை.

"சத்தம் பிடிக்கிறதெல்லாம் ஒரு சோலியா? சரி, நாளைக்கு எங்கூட மலைக்கு வா. நல்லாப் பிடிச்சிட்டா மெட்ராசுக்குப் போ. இல்லைன்னா பேசாம கடையில உக்காரு."

(கடையில் உட்கார்ந்தால் ஏலக்காய் தரம் பிரிக்க வேண்டும். தும்மித் தும்மியே என் ஆயுள் போய்விடும்.)

மறுநாள் காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, அத்தாவின் பழைய சிநேகிதர் குருசாமி மாமாவின் தோட்டத்தில் இறங்கினோம். அத்தா காய் பார்க்க மாமா வீட்டுக்குள் போனார். நான் சரிவில் இறங்கினேன். தோளில் ரெக்கார்டர், கையில் இரவல் மைக் இரண்டு. ஒன்று நீளமான கன் மைக், தூரத்துக் குருவியையும் பிடிக்கும். இன்னொன்று பொத்தான் அளவு, மரத்தில் ஒட்டினால் மரத்துக்குள் கேட்கிற சத்தத்தைக் கொடுக்கும்.

இரண்டையும் ஓட விட்டு, பொத்தான் மைக்கை மட்டும் ஹெட்போனில் கேட்டேன். அடேயப்பா! எறும்பு ஊர்வதுகூடக் கேட்டது. நல்ல சத்தம் வந்த மரத்திலெல்லாம் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் டேப்பை ஒட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி... என்னவோ மரத்துக்கே வைத்தியம் பார்ப்பவள் மாதிரி.

நம் மலைத்தோட்டங்களில் மரத்துக்கு யாராவது அடையாளம் போட்டால் எல்லோரும் பீரோவைத் திறந்து பட்டாவைத் தேடுவார்கள். இன்றைக்கு அடையாளம், நாளைக்கு வனத்துறை அளவு, அப்புறம் இது காட்டு நிலம் என்று கோர்ட்டு. இது போடியில் பிறந்த எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஒட்டினேனா என்றால், என் மூளை அன்று லீவு.

காய் எடுத்துக்கொண்டிருந்த செல்லக்கனி அக்கா, ஆள் உயர ஏலச்செடிகளுக்கு நடுவே மஞ்சள் டேப்பையும் வயரையும் மட்டும் பார்த்திருக்கிறாள். நேரே மாமா வீட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறாள்.

"மொதலாளி, வெரசா வாங்க! மரத்துக்கு மார்க்குப் போட ஆபீசர் வந்திருக்காக!"

மாமா செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினாராம். "சத்தம் போடாதீகப்பா. ஆபீசரைச் சாப்பிட வச்சுப் பேசிக்கிருவோம்" என்று அத்தாவையும், காய் எடுத்தவர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் என்னை நோக்கி வந்திருக்கிறார்.

எனக்குக் கேட்டதெல்லாம் மரத்துக்குள்ளே 'தொம்... தொம்... தொம்'. வர வரப் பெரிதானது. அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. எனக்கு உயிரே போய்விட்டது.

"யானை! யானை வருது!"

ஹெட்போன், மைக், ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டர் எல்லாவற்றையும் வீசிவிட்டு ஓடினேன். எதிரே வந்த கூட்டமும் ஓடியது. மாமாவின் வேட்டி ஒரு செடியில் தங்கிவிட்டது.

ஜீப்படியில் வந்து நின்று மூச்சு வாங்கியபோதுதான் பார்த்தேன், அத்தாவைக் காணோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சரிவிலிருந்து ஏறி வந்தார். சட்டையெல்லாம் சேறு, கழுத்தில் ரெக்கார்டரும் ஹெட்போனும், இரண்டு கையிலும் என் மைக்குகள்.

"கீழ ஏன் போனீங்கத்தா?"

"வழி தப்பிட்டேன். பேசாம ஜீப்புல ஏறு."

விஷயம் விளங்கியதும் மாமா என்னைத் திட்டவில்லை. டேப்பையெல்லாம் பிய்த்தெடுக்க வைத்துத்தான் விட்டார்.

இறக்கத்தில் பதிவைக் கேட்டேன். யானை என்று நான் நினைத்த இடத்தில் நெருங்கி வந்தவை மனிதக் காலடிகள். என் அலறலுக்குப் பிறகு எல்லாக் காலடிகளும் தூரமாய்ப் போயின. ஒன்று மட்டும் கிட்டே வந்தது. கூடவே ஒரு குரல்: "பர்வீனு! எங்க இருக்கே? அசையாம நில்லு, நான் வர்றேன்!"

ஹெட்போனை அத்தாவிடம் கொடுத்தேன். முழுக்கக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"இதுல பூராம் மனுசச் சத்தமால்ல இருக்கு?"

"ஆமாத்தா." என் சென்னை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப நாளைக்கும் வருவோம். நான் ஜீப்புலயே இருக்கேன், வாயத் தொறக்கல."

மறுநாள் பிடித்த ஐந்து நிமிடம்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அத்தா இன்றுவரை வழி தப்பியதாகத்தான் சாதிக்கிறார். ஆனால் என்னைப் பார்க்க அவர் போடியில் ரயில் ஏறிய மறுநிமிடம் அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும்:

"யானை கெளம்பிருச்சு. சோத்தை நெறைய ஆக்கு."