மூன்று பேர் கூடினால் பேசக் கூடாது

ஆல்டர் க்ரீக், நெப்ராஸ்கா
மே 14

மதிப்பிற்குரிய வெர்னர் மாமாவுக்கு,

லோர்னா வணக்கத்துடன் எழுதுவது. நானும் ரஸ்ஸலும் சுகம். அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் ஊர் விமான நிலையம்தான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நான்.

இருபத்தாறு வருஷம் நீங்கள் சம்பளமில்லாமல் நடத்திய மேற்பார்வைக் குழுவுக்கு இப்போது நான் தலைவி அல்லவா? பதவி வந்ததும் சட்டப் பயிற்சிக்குப் போனேன். ஐந்து பேர் குழுவில் மூன்று பேர் எங்கே சந்தித்தாலும் அது கூட்டம்; ஒரு நாள் முன்னால் அறிவிப்பு ஒட்டாமல் நிலைய விஷயம் பேசக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து கடையில் குழுவின் மூன்றாவது ஆள் நுழைந்தால் நான் குடித்துக்கொண்டிருக்கும் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை காலை, மாநில ஆய்வாளர் தன் விமானத்தில் வரவிருந்த நேரத்தில், கிளைடின் பதினோரு மாடுகள் ஓடுதளத்தில் நின்றன. குழுவில் இருக்கும் நான், கிளைட், நூலகத்து மார்ஜ் மூவரும் ஓடினோம். ஓடின பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்: மூன்று பேர்!

"யாரும் பேசாதீங்க, இது கூட்டமாயிடும்" என்றேன்.

"என் மாட்டை நான் கூப்பிடுறது கூட்டமா, லோர்னா?" என்றார் கிளைட்.

"ஓடுதளத்துல நிக்குற மாடு நிலைய விஷயம்தான்."

"முன்னால நிக்குற பெட்டூனியா பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவா. கையை ஆட்டினா புல்லு காட்டுறேன்னு நினைச்சுப்பா!"

"நான் வேணா வேலிக்கு அந்தப் பக்கம் போயிடவாம்மா? ரெண்டு பேர்னா சட்டம் விட்டுடுமா?" என்றார் மார்ஜ்.

கேள்வி கேட்பதும் பேச்சுதான் என்று அவரையும் அடக்கிவிட்டேன். ஊமைக் கூத்துப் போல மூவரும் கையை ஆட்டினோம், மாடுகள் நிதானமாக வேடிக்கை பார்த்தன, ஆய்வாளர் தலைக்கு மேல் நான்கு முறை வட்டமடித்தார். கடைசியில் எரிபொருள் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் புல்வெளியிலேயே குலுங்கிக் குலுங்கி இறங்கினார். இறங்கியதும், அகலத் திறந்து கிடந்த வேலிக்கதவைக் காட்டி, "இதைத் திறந்து போட்டது யாரு?" என்று கேட்டார்.

மாமா, திறந்து போட்டவள் நான். அடுத்த கூட்டத்தின் அறிவிப்பை அந்தக் கதவில் கட்டும்போது, கோணலாக இருக்கிறதா என்று கதவை அகலத் திறந்து தள்ளி நின்று பார்த்தேன். தாழ்ப்பாள் போடாமலே போய்விட்டேன். வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். "நாங்க மூணு பேர் சேர்ந்து நிக்குறோம் சார், அறிவிப்பில்லாம பதில் சொல்ல முடியாது" என்றேன். சட்டத்துக்குப் பயந்தேன் என்று இரண்டு நாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். இல்லை. முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கதவுக்கு அருகில் இருப்பது, மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிற ஆர்லினின் கொட்டகை. ஆய்வாளர் அதைப் பார்த்தார், ஏதோ எழுதினார். கதவைத் திறந்து போட்டது ஆர்லின்தான் என்று, அவர் இடத்தை ரத்து செய்யச் சொல்லி நேற்று கடிதம் வந்துவிட்டது. வயல்களுக்கு மருந்து தெளிக்கிற பருவம் இது; கொட்டகை போனால் இந்த வருஷம் அவருக்குப் பிழைப்பே இல்லை. கடிதத்தைக் கொடுத்தபோது, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த "சரிம்மா"வைக் கேட்டதும் முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிப் பதவி விலகுகிறேன். நீங்கள் காத்த நாற்காலிக்கு இழுக்குத் தேடித் தந்தேன், மன்னியுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நோயின்றி இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் தங்கை மகள்,
லோர்னா

பி.கு: உறையை ஒட்டும் முன் மனசு கேட்காமல் ஆர்லினுக்கு போன் செய்து அத்தனையும் சொல்லிவிட்டேன். "மாடு கதவு வழியா வரலையேம்மா. கிழக்கு வேலியை வியாழக்கிழமை என் லாரிதான் பின்னால வந்து சாய்ச்சுது. யாராவது கேட்டா சொல்லிடலாம்னு அன்னிக்குக் கொட்டகை வாசல்லயே நின்னேன். நீங்க மூணு பேரும் வாயே திறக்கலை, நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார். திங்கட்கிழமை தானும் வந்து சொல்வதாக இருக்கிறார். நான் முந்திக்கொள்ளப் போகிறேன் மாமா; அவர் சொன்ன பிறகு நான் எழுந்தால் அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, வெறும் ஒத்து ஊதுவதுதான்.