சீவரத்தினத்தாரின் தோள்சக்தி வளையம்

அச்சுவேலி மண்டபத்தில் அன்று கால்வைக்க இடமில்லை. கனடாவில் முப்பது வருடம் ஆராய்ந்து சீவரத்தினத்தார் கண்டுபிடித்த தோள்சக்தி வளையம் அங்கேதான் விலைப்பட்டது. வெறும் செப்பு வளையம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருபக்கம் வேல், மறுபக்கம் சிலுவை. சைவரும் வேதக்காரரும் அவரவர் வசதிக்குத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்!

முன்வரிசையில் குருநகர் எமில்ராஜ் மனைவி மேர்சியுடன் இருந்தான். வலை இழுக்கையில் வலது தோளில் தசைநார் கிழிந்து மூன்று மாதம். படகு கரையில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் கஜந்தினி, மல்லாந்து படுத்து வயிற்றை இறுக்கச் சொன்னபோது அவனுக்குக் கோபமே வந்தது.

"கை நோவுக்கு வயித்துக்கு அப்பியாசமோ பிள்ளை?"

"வலையை இழுக்கிறது கை மட்டுமில்லை அண்ணை. நடு உடம்பு ஆடினால் தோளுக்கு எங்காலை பிடிமானம்?"

நம்பவில்லை. ஆனாலும் மேர்சி விடாததால் ஆறு கிழமை, ஒன்றரை மாதம் முழுக்க, முணுமுணுத்துக்கொண்டே செய்தான். இப்போது வளையம் வாங்க வந்துவிட்டான்.

மேடையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். வெறுங்கையை நீட்டச் சொல்லிச் சீவரத்தினத்தார் அதைக் கீழே அழுத்தி அமத்துவார், ஆள் சாய்வார். வளையத்தைப் போட்டு அமத்துவார், ஆள் அசையமாட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

எமில்ராஜ் ஏறி வலது கையை நீட்டினான். அமத்தினார். அவன் சாயவில்லை. இன்னும் அமத்தினார். அவனுடைய வயிறு தானாக இறுகியது. வேர்த்தது சீவரத்தினத்தாருக்குத்தான். அப்போதுதான் எமில்ராஜுக்கே உறைத்தது: தலை சீவவும் உயராதிருந்த கை தோள்மட்டத்தில் நிற்கிறது!

"உமக்குப் பிறவிச் சக்தி," என்று சமாளித்தார்.

"பிறவியில்லை ஐயா. ஆறு கிழமை வயித்தை இறுக்கின சக்தி!"

மேர்சி எழும்பினாள். "அப்ப ஒரு சோதினை செய்வம். நாலுபேரைத் திரைக்குப் பின்னாலை கொண்டுபோய், கையைத் துணியாலை மூடிக் கூட்டியாறன். ஆருக்கு வளையம் இருக்கெண்டு அமத்திப் பாத்துச் சொல்லுங்கோ."

"செய்யுங்கோ, செய்யுங்கோ!" என்றது சனம். அவருடைய சக்தியில் அவரைவிட அவர்களுக்கு நம்பிக்கை.

வேறு வழியின்றி அமத்தினார். "இவருக்கு இருக்கு. இவருக்கு இல்லை. இவருக்கு இருக்கு. இவருக்கு நல்லாவே இருக்கு."

மேர்சி துணிகளை அவிழ்த்தாள். நாலும் வெறுங்கை.

"வளையம் இல்லாட்டி மணிக்கட்டிலை வெளிப்பக்கமா அமத்துறார். போட்டாப்பிறகு முழங்கைக்குக் கிட்ட, உடம்புப் பக்கமா. இவ்வளவுதான் உவற்றை முப்பது வருச ஆராய்ச்சி!"

சனம் திரும்பிப் பார்ப்பதற்குள் சீவரத்தினத்தார் பின்கதவால் பறந்துவிட்டார். கால்சக்திக்கு அவரிடம் குறைவேயில்லை.

வெளியே வந்த இருவரையும், இரண்டு கையிலும் வளையம் பூட்டிய ஒருவர் மறித்தார்.

"தங்கச்சி, அந்த வயித்து அப்பியாசம், எந்தத் திசை பாத்துப் படுத்துச் செய்யவேணும்?"

"எந்தத் திசையெண்டாலும் காரியமில்லை அண்ணை," என்றாள் மேர்சி. "மூளையைக் கழட்டி வைச்சிட்டு மட்டும் படுக்காதேங்கோ."