பால்கெண்டையின் வயிற்றுத்துண்டு குறித்த திருத்தம்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய கொன்சுவேலோ அக்கா அவர்களுக்கு,

தெயோதோரோ கபுயான் ஆகிய நான், வயது ஐம்பது, தகுபான் நகரப் பிறப்பு இறப்புப் பதிவகத்தின் துணைப் பதிவாளர், தங்கள் ஒரே தம்பி, நலம். தாங்களும் அத்தானும் நலமென்பதைக் கடந்த ஞாயிறன்று சாப்பாட்டு மேசையில் நேரிலேயே கண்டேன். நம் குடும்பத்தில் நாற்பத்தொரு ஆண்டுகளாக நிலவும் ஒரு தவறான பதிவைத் திருத்துவதே இக்கடிதத்தின் நோக்கம். திருத்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால் அன்று வாயால் சொல்லவில்லை.

வரும் திங்களன்று எனக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை. அதற்கான படிவத்தில் 'மூட்டு கெட்ட காரணம்' என்ற கட்டத்தில், 'ஒன்பது வயதில் மூத்த சகோதரி வீட்டுப் படியிலிருந்து தள்ளியது' என்று எழுதினேன். டாக்டர் மனலாங் அம்மையார் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது விழுந்து உடைஞ்ச இடுப்பு இல்ல சார், சீழ் அரிச்ச இடுப்பு. கடைசியா எப்போ சீழ் வந்துச்சு?” என்றார். எனக்குத் தேதி தெரியவில்லை. தேதி தெரியாமல் நான் ஒரு கட்டத்தையும் நிரப்பியதில்லை. பழைய கிருமி எலும்புக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம், புது மூட்டு போனதும் விழித்துக்கொள்ளலாம் என்பதால் இரத்தத்தைச் சோதித்தார்கள், மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்து இரண்டு வாரம் வளர்த்துப் பார்த்தார்கள், கிருமி ஒளிந்திருக்கும் என்று என் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள். இடுப்புக்காகப் பல்லை இழந்தவன் நம் பரம்பரையில் நான்தான். இத்தனைக்குப் பிறகும், திறந்து பார்க்கும்போது சீழ் தென்பட்டால் மருந்து கலந்த சிமெண்டை வைத்து மூடிவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி திறப்பார்களாம். மற்றவர்களைவிட எனக்கு ஆபத்து கூடுதல் என்பதை மறைக்காமல் சொன்னார்கள்.

தேதியைத் தேடி நான் நம் பழைய பள்ளிக்கூடத்துக்கே போனேன். 1984 வருகைப் பதிவேட்டில், நான் விழுந்த வாரத்தின் திங்கள் முதலே எனக்கு 'வரவில்லை, காய்ச்சல்' என்றிருக்கிறது. பட்டம் விடும் நூலுக்காகத் தாங்கள் என்னைத் தள்ளியது அதே வாரம் வியாழக்கிழமை. இதைச் சொன்னதும் டாக்டர், “விழுந்ததால சீழ் பிடிக்கல சார். சீழ் பிடிச்சதாலதான் கால் நிக்காம விழுந்திருக்கீங்க,” என்றார். ஆகவே தாங்கள் குற்றமற்றவர். அந்த வியாழனுக்குப் பிராயச்சித்தமாக, ஞாயிறுதோறும் சுட்ட பால்கெண்டையின் கொழுத்த வயிற்றுத்துண்டை என் தட்டில் வைத்துவிட்டு முள் நிறைந்த வாலைத் தாங்கள் உண்டுவந்ததற்கு அடிப்படையே இல்லை. உண்மை எனக்கு இப்போதுதான் தெரியவந்தது. என் மனைவி பெர்லாவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உங்கக்கா நாப்பது வருஷமா முள்ளு பொறுக்குறாங்க. நீங்க என்னடான்னா பதிவேடு பொறுக்கிட்டு வந்திருக்கீங்க,” என்றாள்.

எங்கள் அலுவலக விதிப்படி, திருத்தத்துக்கு விவகாரத்தில் ஆதாயமில்லாத இருவர் சாட்சி வேண்டும். நம் வீட்டு மீனை உண்ணாதவர்களாகத் தேடியதில், பல் மருத்துவரும், என் குட்டைக் காலுக்கு நான்கு சென்டிமீட்டர் தக்கை வைத்துக் காலணி தைப்பவரும் மட்டுமே தேறினர். அறுவைக்குப் பின் தக்கை தேவைப்படாது என்பதால் பின்னவரை ஆதாயமில்லாதவர் என்று கொள்ளலாமா என யோசித்து, கொள்ளலாம் என முடிவு செய்தேன். நாளைக் காலை நோட்டரி முன் இக்கடிதத்தை உறுதிமொழியுடன் பதிவு செய்வேன்.

கடவுள் தங்கள் முழங்கால்களையாவது பழுதின்றிக் காப்பாராக. அத்தானுக்கு என் வணக்கம்.

இங்ஙனம்,
தெயோதோரோ

பி.கு.: அக்கா, நோட்டரியிடம் போகவில்லை. 'இப்போதுதான் தெரியவந்தது' என்ற வரியின் மேல் சத்தியம் செய்தால் அது பொய்ச் சத்தியம். அந்த வியாழனுக்கு முந்தின வாரம், அம்மா போகக் கூடாதென்ற மீன்குளத்தில் வெறுங்காலோடு இறங்கி, குதிகாலில் மூங்கில் சிம்பு ஏறிச் சீழ் கட்டியது. அம்மா அடிப்பாளென்று மறைத்தேன். மறுவாரம் செவ்வாயன்றே என்னால் காலை ஊன்ற முடியவில்லை. வியாழனன்று நீ தொட்டதும் விழுந்தேன். சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்ததே என்று ஆறுதலாக இருந்தது. பிறகு மீன் ருசியாக இருந்தது. டாக்டரிடம் சிம்பைச் சொல்லிவிட்டேன், உன்னிடம்தான் பாக்கி. திங்களுக்கு முன் ஒரு ஞாயிறு இருக்கிறது. அன்று நானே மீனைச் சுட்டு, வயிற்றுத்துண்டை உன் தட்டில் வைத்து, நீ தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து வாலைத் தின்பேன்.