வலது எட்டு, இடது ஐந்து

கொட்டகலை பஜாரில் செருப்புக் கடைகள் இன்னும் திறந்திருப்பதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். மற்றவர்கள் செருப்பு பிய்ந்தால் ஒரு சோடி வாங்குவார்கள். அவர் இரண்டு சோடி வாங்குவார். அதனால் ஊரில் அவர் பெயரே ‘ரெண்டு சோடி’ ஆகிவிட்டது. அங்கே ஒரு கடையில் நான் வேலை பார்த்த எட்டு வருடத்தில் பெரும்பாலும் பில்லில் அப்படித்தான் எழுதினேன். அவரும் ஆட்சேபிக்கவில்லை.

அவர் தொழில், டிவி ரேடியோ திருத்துவது. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. வலது பாதம் எட்டாம் நம்பருக்கு வளர, இடது பாதம் ஐந்திலேயே நின்றுவிட்டது. எங்கள் முதலாளி நானாவோ சோடியைப் பிரித்துத் தர மாட்டார்.

“மிச்சத்த நான் யாருக்கு விக்கிற?” என்பார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடுவதையே ரெண்டு சோடி வாழ்க்கை லட்சியமாக வைத்துக்கொண்டார். வலது கால் சூம்பிய ஓர் ஆள் கிடைத்தால் இரண்டு சோடியையும் பங்கு போட்டுக்கொள்ளலாம் அல்லவா? அந்த ஆளுக்காகவே மிச்சச் செருப்புகளை ஓர் உரச்சாக்கில் சேர்த்துவந்தார். அளவு பார்க்கச் சட்டைப்பையில் இஞ்சி டேப் வேறு.

கோயில் திருவிழாவுக்குப் போனால் சாமியைப் பார்க்க மாட்டார். வாசலில் கிடக்கும் செருப்புகளைத்தான் பக்தியோடு பார்ப்பார். ஒருமுறை பெரிதும் சிறிதுமாக ஒரு சோடி கிடந்தது. பூசை முடியும்வரை பக்கத்திலேயே காவல் நின்றார். கடைசியில் வந்தவர் ஒரு கங்காணி. அவசரத்தில் மனைவியின் செருப்பில் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்னொரு முறை நோர்வூட்டில் ஓர் ஆள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சாக்கோடு பஸ் ஏறினார். அவருக்கும் இடது கால்தான். இருவரும் பிளேன்டீ குடித்துவிட்டு, ஒருவர் காலை ஒருவர் முறைத்துவிட்டுப் பிரிந்தார்களாம்.

அந்தக் காலில் உணர்ச்சி உண்டா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“அட்டை கடிச்சா நல்லாத் தெரியும் தங்கச்சி. ஒதறத்தான் முடியாது.”

அழுக்குத் தண்ணீரிலோ சாப்பாட்டிலோ கலந்து, வாய்வழியாகக் குடலுக்குள் போகிற கிருமி போலியோ. முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் செய்யாமல் போய்விடும். சிலருக்கு முதுகுத்தண்டுவரை ஏறி, தசையை ஆட்டுகிற நரம்புகளைக் கொன்றுவிடும். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது, வயர்தான் எரிந்துவிட்டது என்று விளக்குவார். எரிந்த வயரை மாற்ற எந்த ஊரிலும் சாமான் இல்லை என்பதில் திருத்துகிறவருக்குக் கோபம்.

அதைவிடப் பெரிய கோபம் சொட்டு மருந்தின் மேல். பல்லைப் பிடுங்கிய கிருமியை உடம்புக்கு முன்கூட்டியே காட்டிவைக்கிறார்கள், நிஜக் கிருமி வந்தால் உடம்பு அடையாளம் கண்டு வாசலிலேயே அடித்துவிடுகிறது, பிறகு தனக்குக் கூட்டாளி எங்கிருந்து வருவான் என்று கிளினிக்கைத் திட்டித் தீர்ப்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சுகந்தி என்ற பெண்ணின் வீட்டுக்கு டிவி திருத்தப் போனார். போன தடவை ஊசி போட்டபோது கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததால், இனிச் சொட்டும் வேண்டாம் ஊசியும் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்திருந்தாள். மிட்வைப் மிஸ்ஸி இரண்டு தடவை வந்து கெஞ்சியும் அசையவில்லை. அந்த நோயெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று இவரிடமே கேட்டிருக்கிறாள்.

ரெண்டு சோடி டிவியை அப்படியே விட்டுவிட்டு, இஞ்சி டேப்பை எடுத்துக் குழந்தையின் வலது பாதத்தை அளந்தார்.

“சொட்டு குடுக்காதம்மா. இருவது வருசமா ஆள் தேடுறேன். வலது கால் மட்டும் சூம்பணும்னு சாமிய வேண்டிக்க. ஒரு சாக்கு செருப்பு வச்சிருக்கேன், எல்லாம் இவளுக்குத்தான்.”

சொல்லிவிட்டு, காற்சட்டையைச் சுருட்டித் தன் இடது காலைக் குழந்தையின் காலுக்குப் பக்கத்தில் நீட்டினார். சுகந்தி பார்த்தாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, வாயில் வந்தபடி திட்டி அவரை விரட்டினாள். டிவி திருத்தாமலே கிடந்தது. அடுத்த கிளினிக் நாளில் வரிசையில் முதல் ஆள் அவள்தான் என்று மிஸ்ஸி கடைக்கு வந்து சொன்னார்.

கிடைக்க இருந்த ஒரே கூட்டாளியும் போய்விட்டதாக ரெண்டு சோடி என்னிடம் புலம்பினார். முகமெல்லாம் பல்.

“எங்கம்மாவுக்கும் அப்ப ஊசிக் காய்ச்சல்னாதான் தங்கச்சி பயம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து வருடம் கழித்து, பள்ளிக்கூடம் தொடங்கும் வாரத்தில் அந்தக் குழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தது. பின்னால் சுகந்தி, இன்னும் கோபம் ஆறாத முகத்தோடு. பிள்ளை கறுப்புச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடிவரை ஓடிப்போய்த் திரும்பி ஓடிவந்தது. நான் பழக்கதோஷத்தில் இரண்டாவது பெட்டியையும் எடுத்துவைத்தேன்.

“ஒரு சோடி போதும் தங்கச்சி. ரெண்டு காலும் ஒரே நம்பரு.”

“அப்ப அந்தச் சாக்கு?” என்று கேட்டேன்.

“கெடக்கட்டும்” என்றார்.

பில் எழுத உட்கார்ந்தேன். ‘ரெண்டு சோடி’ என்று எழுதக் கை வரவில்லை. அன்றுதான் முதல் தடவையாக அவருடைய பெயரைக் கேட்டு எழுதினேன்.