அறுபத்து மூன்று தார்

"பீரோ சாவிய எடு" என்றார் ராஜவேலு.

பூங்காவனம் எடுக்கவில்லை. பீரோவுக்குள் இருந்தது, தறியில் பூவேலை நெய்யப் புது ஜக்கார்டு பெட்டி வாங்க ஆறு வருடமாகச் சேர்த்த முப்பதாயிரம். அதைக் கோவாவில் கப்பல் கேசினோவுக்குக் கொண்டுபோய், பிளாக்ஜாக் சீட்டு ஆடி, அறுபதாயிரமாக ஆரணிக்குக் கொண்டுவரப் போகிறார் கணவர். புடவைக் கண்காட்சிக்காகக் கோவா போய்வந்த சிநேகிதன் திருமலை ஒரு சிஸ்டம் சொல்லியிருந்தான்.

"தோத்தா அடுத்த ஆட்டத்துல டபுள் வைக்கணும். மறுபடி தோத்தா அதுக்கும் டபுள். ஒரு தபா ஜெயிச்சா போதும், போனது மொத்தமும் திரும்பி வந்துடும், மேல லாபம். இது சூதாட்டம் இல்லடி, கணக்கு!"

ராஜவேலு பத்தாம் வகுப்பில் தவறியது கணக்கில்தான்.

"கணக்குன்னா இங்கயே ஆடிக் காட்டுங்க. ஜெயிச்சா சாவி" என்றாள் பூங்காவனம்.

"எத வச்சி ஆடறது?"

"தார வச்சி. தோத்தா அத்தினி தாரும் நீங்கதான் சுத்தணும்."

புடவையில் குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைச் சின்னக் குச்சியில் சுற்றினால் அது தார். ராட்டையில் உட்கார்ந்து அதைச் சுற்றுவது பெண்கள் வேலை என்பது ராஜவேலுவின் கொள்கை. பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்தக் கொள்கை மட்டும் தளர்ந்ததில்லை.

இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் அவுட் என்று அவளுக்கு விதிகளை விளக்கினார். சீட்டு அவள் கையில். முதல் ஆட்டம், ஒரு தார். இருபத்து நாலுக்குப் போய்விட்டார்.

"நான் ஆடவே இல்லியே, அதுக்குள்ள தோத்துட்டீங்களா?"

"நீ கடைசியா ஆடற. அதான் உனக்கு வசதி. டபுள்!"

இரண்டு போனது. ஜாக்கிரதையாகப் பதினாறில் நின்றார், அவளுக்குப் பத்தொன்பது. நாலு போனது. சீட்டைத் தானே கலைத்தார். எட்டு போனது. கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்.

"பதினாறும் பூட்ச்சி" என்றாள் பூங்காவனம்.

"சும்மா இரு! முப்பத்திரண்டு!"

அவளுக்குச் சரியாக இருபத்தொன்று வந்தது.

"ஆக அறுவத்தி மூணு தாரு" என்று எழுந்தாள்.

"எங்க போற? அறுவத்தி நாலு வச்சி இன்னும் ஒரே ஒரு ஆட்டம்! இதுல ஜெயிச்சா எல்லாம் சரியாப்பூடும்!"

"இன்னாத்த வைப்பீங்க? ஊட்ல இருக்கற பட்டு அறுவத்தி மூணுக்குத்தான் வரும்."

சிஸ்டத்தில் இதற்குப் பதில் இல்லை. கப்பலிலும் கையில் இருப்பது தீர்ந்தால் இதே கதிதானே என்று முதல் முறையாகத் தோன்றியது. ராட்டை முன் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நாற்பதாவது தாரில் திருமலை வந்து நின்றான். மறைக்க நேரமில்லை. விரலெல்லாம் அரக்குச் சாயம்.

"நான் கோவாவுக்கு வர்ல" என்றார் ராஜவேலு கடுப்பாக. "ஏன்டா, இந்தப் பாழாப்போன சிஸ்டத்த உனக்கு அங்க எந்த தொர சொல்லிக்குடுத்தான்?"

திருமலை ராட்டையைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்து, கொப்புளம் கண்டிருந்த தன் விரல்களை விரித்துக் காட்டினான்.

"தொரயும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பொஞ்சாதி கன்னியம்மாதான் சொல்லிக்குடுத்தா. ஐநூத்திப் பதினொண்ணு தாரு நான் சுத்தி முடிச்சதும், பூங்காவனத்துக்கும் தாரு பாக்கி கெடக்குது, சிஸ்டத்த உன்கிட்டயும் சொல்லிட்டு வான்னு அவதான் என்ன அனுப்புனா."