விண்கலத்தில் கவிழ்ந்த செருப்பு

"நக்லா, உன் செருப்பால என்னை நிம்மதியா நோன்பு திறக்கவிட மாட்டேங்கறாங்க!" என்று டிவி நிலைய மேலாளர் ஹிக்மத் போனில் கத்தினார்.

நக்லா குனிந்து தன் காலைப் பார்த்தாள். "என் செருப்பா, மேடம்?"

"உன் கார்ட்டூன்ல மிதக்குதே, அது! கவுந்து கிடக்கு. அடிப்பாகத்தை ஆண்டவனுக்குக் காட்டறதான்னு ஜனங்க திட்டறாங்க. இந்தப் போனெல்லாம் நிக்கலன்னா தொடரை நிறுத்திட்டுப் பழைய சமையல் நிகழ்ச்சியைப் போட்டுடுவேன்."

ரமலான் மாலைகளில் கெய்ரோ குடும்பங்கள் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கும் தொடர் அது. பூமிப் பெண் ரீமும் செவ்வாய்த் தளபதி கொர்மாஷும் ஜென்ம விரோதிகள். விண்கலத்தில் மிதக்கும் செருப்பு ரீமுடையது. நோன்புப் பெருநாளுக்குள் கூட்டாளிகளாகிவிட வேண்டும். நக்லா இயக்கும் முதல் தொடர். இது நின்றால் அவளுடைய சின்ன ஸ்டுடியோவுக்குப் பூட்டுதான். அன்றன்று முடித்து அன்றன்று அனுப்பும் பிழைப்பு வேறு.

தொடரின் எழுத்தாளர் பஹ்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விண்வெளியில மேல ஏது, கீழ ஏது?"

"அதை ஹிக்மத் மேடம்கிட்ட நீயே போய்ச் சொல்லேன்."

அன்றே செருப்பை நிமிர்த்தினார்கள். ஆனால் அன்றைய சண்டையில் விண்கலமே குட்டிக்கரணம் போட்டது. செருப்பும் கூடவே போட்டு, கொர்மாஷின் மூக்குக்கு நேராக அடிப்பாகத்தைக் காட்டியது.

மறுபடி ஹிக்மத். "எதிரியா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா செருப்பைக் காட்டறதான்னு கேக்கறாங்க!"

நக்லா செருப்பையே அழித்துவிட்டாள். "பொண்ணு ஒத்தைச் செருப்போட நடக்கறாளாம், இன்னொண்ணு எங்கன்னு கேக்கறாங்க!" என்று ஹிக்மத் அழாத குறையாகச் சொன்னார். பஹ்கத் அவசரமாக ஒரு வசனம் எழுதினார், கொர்மாஷ் திருடிவிட்டான் என்று. அடுத்த புகார் இன்னும் காட்டமாக வந்தது: நோன்பு மாதத்தில் ஒருவன்மேல் திருட்டுப்பழி போடலாமா?

"போச்சு, எல்லாம் போச்சு," என்று நக்லா மேஜையில் தலையைக் கவிழ்த்தாள். "நாளைக்கு ரெண்டு பேரும் சேரணும். யாரு பாக்கப்போறா?"

"என் விண்மீன் வரைபடம் இருக்கே!" என்றார் பஹ்கத். "ஆளுக்குப் பாதி வச்சிருக்காங்க. ரெண்டும் ஒட்டும்போது மனசும் ஒட்டும். எவ்வளவு ஆழமான குறியீடு!"

"செருப்பு கவுந்து கிடந்தா உன் குறியீட்டை எவன் பாப்பான்?"

கடைசியில் ஆத்திரத்தில் ஒரு காட்சி வரைந்தாள். செருப்பு மறுபடி கவிழ்ந்து கிடக்கிறது. துப்பாக்கியை ரீமின் நெற்றிக்குக் குறிவைத்த கொர்மாஷ் அதைப் பார்க்கிறான். அவனால் தாங்க முடியவில்லை. துப்பாக்கியைக் கீழே வைக்கிறான், குனிகிறான், செருப்பை நிமிர்த்திவைத்து மூச்சுவிடுகிறான். ரீமும் தன் துப்பாக்கியைப் போட்டுவிடுகிறாள்.

மறுநாள் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. செருப்புதான் மனிதநேயமாம், அதை நிமிர்த்தியது உலக சமாதானமாம். வரைபடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பஹ்கத் வரைபடத்தைச் சுருட்டி மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

ஹிக்மத் நக்லாவை நிலையத்துக்கே கூப்பிட்டு, பாகு சொட்டும் கத்தாயிஃப் இனிப்பை ஊட்டாத குறைதான். "அடுத்த ரமலானும் உனக்குத்தான்! நாடே குளிர்ந்துபோச்சு. நேத்து ஒரு புகார் இல்ல."

மிதந்தபடியே வெளியே வந்த நக்லாவை, நிலையத்துக்கு வரும் போன்களை எடுக்கும் இல்ஹாம் கைகாட்டி நிறுத்தினாள்.

"நாடெல்லாம் இல்ல மேடம். அத்தனை போனும் ஒரே அம்மாதான். ஒரு நாள் அலெக்ஸாண்ட்ரியா டீச்சர்னாங்க, ஒரு நாள் லக்ஸர் வக்கீல்னாங்க. குரல் ஒண்ணுதான்."

"இதை ஏன் ஹிக்மத் மேடம்கிட்ட சொல்லல?"

"என்னை யாரு கேட்டா? நேத்துதான் உண்மையைச் சொன்னாங்க: 'என் பொண்ணு நக்லாகிட்ட சொல்லிடும்மா. வாசல்ல செருப்பைக் கவுத்துப் போடாதேன்னு சின்ன வயசுலேர்ந்து கத்தறேன், அவ காதுல ஏறல. செவ்வாய்க்காரன் ஒரே பார்வையில புரிஞ்சுக்கிட்டான். வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க அவனை நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு.'"