எட்டண்ணனும் மூன்றாவது பதிலும்

உலகத்தில் எந்தக் கேள்விக்கும் 'ஆமா', 'இல்ல' என்று இரண்டே பதில்தான் உண்டு என்று மனதார நம்பிய மனிதர் எங்கள் எட்டண்ணன். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் 'ஆமா' என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் முகம் வாடிவிடும். இட்லியா என்று கேள், சொல்கிறேன் என்பார். இட்லி இல்லையென்றால் தோசையா, தோசை இல்லையென்றால் பொங்கலா என்று நாம்தான் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அவர் தின்ற காலை டிபனைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு மதியப் பசி வந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், விருத்தாசலத்தில் ப்யூஸ் கட்டைக்குப் பீங்கான் செய்கிற ஒரு கம்பெனி ஆபீசில் நாங்கள் இருந்தோம். நான் கம்ப்யூட்டரில் விவரங்களை அடிக்கிறவன். அவர் புரோகிராம் எழுதுகிறவர். எதையும் எட்டு எட்டாகக் கட்டி வைப்பார் என்பதால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரை அவர் கல்யாணப் பத்திரிகையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துப் போகாமல் இருந்துவிட்டேன்.

ஆபீசில் எட்டுப் பேர். யார் டீயில் சர்க்கரை போட வேண்டும் என்று தினமும் சீட்டு எழுதி அனுப்புவது அவர் வேலை. முதல் ஆளுக்கு 128, அடுத்த ஆளுக்கு 64 என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசி ஆளான முதலாளிக்கு ஒன்று என்று வைத்தார். சர்க்கரை வேண்டும் என்றவர்களின் எண்களை மட்டும் கூட்டி, சீட்டில் '173' என்று எழுதி அனுப்பினார். டீக்கடைக்காரர் பால் வாங்க ஆள் அனுப்பிவிட்டு, ஆபீசில் யாருக்குக் கல்யாணம் என்று விசாரிக்க வந்துவிட்டார்.

ஆனால் அந்த டீக்கடைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே வாரத்தில் கணக்கைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் சீட்டில் 172 என்று வந்தது. நேற்றைய சீட்டையும் இன்றைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "மொதலாளிக்கு சுகர் வந்துடுச்சாங்க?" என்று கேட்டார். முதலாளி அதை அதுவரை வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை.

இதே வித்தையைத்தான் எட்டண்ணன் கம்ப்யூட்டரிலும் செய்துகொண்டிருந்தார். பழைய புரோகிராம் ஒரு கட்டைக்கு ஒரு வரி என்று எழுதும்: எந்தச் சூளை, என்ன தேதி, யார் பார்த்தது, தேறியதா என்று. எட்டண்ணன் அதைக் கலைத்துப்போட்டு, ஒரு கேள்விக்கு ஒரு நெடுவரிசை என்று மேலிருந்து கீழாக அடுக்கினார். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க முழுச் சாப்பாட்டையும் எதற்கு இலையில் போட வேண்டும் என்பது அவர் வாதம்.

எங்கள் கம்பெனியில் சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டையையும் இரண்டு பேர் தனித்தனியே சின்னக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். ஒருவர் தனலட்சுமி அக்கா, இன்னொருவர் செல்வி அக்கா. இருவர் பதிலும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். பழைய புரோகிராமை ஓடவிட்டுப் பழமலைநாதரைக் கும்பிட்டு, பிராகாரம் சுற்றி, வெளியே வந்து ஒரு டீயும் குடித்துவிட்டுத் திரும்பலாம். எட்டண்ணன் எட்டுப் பதிலை ஒரே எண்ணாகச் சுருக்கி, அப்படி நாலு எண்களைச் சேர்த்து, முப்பத்திரண்டு கட்டைகளை ஒரே தட்டில் ஒப்பிட்டார். முதலாளி நாற்காலியில் உட்காருவதற்குள் விடை வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வந்தால் ஒழுங்காகப் பார்த்திருக்காது என்று முதலாளி சந்தேகப்பட்டார். அவர் நிம்மதிக்காக, கொஞ்ச நேரம் சும்மா நகர்கிற ஒரு கோட்டை நான் திரையில் போட்டு வைத்தேன்.

விடை என்னவோ நல்லதாக இல்லை. செல்வி அக்காவின் பதில் ஆயிரக்கணக்கான கட்டைகளில் மாறியிருந்தது. அக்காவுக்குக் காது போய்விட்டது, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். குடும்பமே அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அக்கா நேரே ஆபீசுக்கு வந்து எட்டண்ணன் முன்னால் நின்றார்.

"பதினாலு வருசமா தட்டுறேன் தம்பி. ஒம் மிஷினு ஒரு நிமிசத்துல என்னைச் செவிடுன்னு சொல்லுதா?"

எட்டண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மாறிய இடங்களையெல்லாம் திரையில் வரவழைத்து, அவை எங்கெங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்த்தார். காது மந்தமானவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்ப வேண்டும். இங்கே மாறியதெல்லாம் ஒரே இடத்தில் கும்பலாகக் கிடந்தது. தேதியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் பத்து நாளுக்குச் செல்வி அக்காவின் தாளில் என்ன இருந்தது என்று கேட்டார்.

ஒன்றுமே இல்லை, கட்டங்கள் காலியாக இருந்தன, அதனால் நானும் காலியாகவே விட்டேன் என்றேன். மகள் பிரசவத்துக்கு வேப்பூர் போயிருந்தேனே என்றார் அக்கா.

எட்டண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டத்தில் 1 என்று இருந்தால் 'நல்லது', மற்றதெல்லாம் 'கெட்டது' என்று எழுதியிருந்தது அவர் புரோகிராம். அக்கா தொட்டே பார்க்காத கட்டைகளையெல்லாம் அவர் கெட்டது என்று சொன்னதாக அது எடுத்துக்கொண்டது. 'பாக்கல' என்றும் ஒரு பதில் உண்டு என்பது, அத்தனை கெட்டிக்கார மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அவர் வேறு யாராக இருந்தாலும் என் மேல் பழியைப் போட்டிருப்பார். நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவரோ அங்கேயே உட்கார்ந்து, 'பார்த்தாரா' என்ற கேள்விக்குத் தனியாக ஒரு நெடுவரிசையை அடுக்கினார். இரண்டு பேருமே பார்த்த கட்டைகளை மட்டும் ஒப்பிடச் செய்தார். மாறியவை மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொன்றையும் தேடி எடுத்து உடைத்து, சிவப்பு மையில் முக்கிப் பார்த்தோம். விரிசலில் மை இறங்கியதை வைத்துப் பார்த்தால் ஒன்பதில் செல்வி அக்கா சொன்னதே சரி. எட்டண்ணன் அந்தச் சில்லுகளைத் தாம்பாளத்தில் வைத்து முதலாளி அறைக்கு எடுத்துப்போனார்.

"தப்பு அவங்க காதுல இல்லீங்க. நான் எழுதுனதுல. அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க."

முதலாளி யாரையும் அனுப்பவில்லை.

வெளியே வந்தவரிடம் அக்கா, "எனக்கு வேல இருக்குதா, இல்லியா?" என்று கேட்டார். அவருக்கென்றே செய்து வைத்தது போன்ற கேள்வி. ஆனால் மனுஷன் அன்றைக்குத் தான் எங்கே தப்புச் செய்தோம், எப்படிச் செய்தோம், அக்காவை எவ்வளவு அழ வைத்துவிட்டோம் என்று கண் கலங்கக் கால்மணி நேரம் பேசினார். பேசி முடிக்கிறவரை பொறுத்துப் பார்த்த அக்கா, இடுப்பில் செருகியிருந்த கம்பியை எடுத்து அவர் மண்டையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"விரிசல் இல்ல. நல்ல சரக்குதான்."

அக்கா சொன்னது சரி. எனக்கும் எட்டண்ணனை ரொம்பப் பிடிக்கும், அவரிடம்தான் ஒருநாளும் சொன்னதில்லை.